கொடுக்க முடியாத சிறுநீரகம்

ஜூன் 3, திங்கள்

அன்புத் தங்கச்சி சிட்டுவுக்கு,

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் கைவிடாமல் நடத்திவருவார் என்ற நம்பிக்கையோடு அண்ணன் எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் உன்னைப் பேசவே விடுவதில்லை என்று நீதான் குறைப்படுகிறாய். அதனால் காகிதம். இதில் நான் எவ்வளவு பேசினாலும் உன் முறை வந்தே தீரும்.

விஷயம் இதுதான். நேற்று ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். என் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை என் தங்கைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். சபை முழுவதும் கைதட்டியது. போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தலையில் கைவைத்து ஜெபித்தார். கீபோர்டு வாசிக்கும் பீப்பாய்கூட (அந்த உடம்புக்கு வேறென்ன பெயர் வைப்பது) கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீ எதற்கும் பயப்படாதே. எனக்கு நாற்பத்தேழு வயது. இன்றைக்கும் தீயணைப்புப் பயிற்சி மையத்தில் ஏணி சாத்தினால், புதிதாகச் சேர்ந்தவர்கள் பாதியில் மூச்சு வாங்கும்போது நான் உச்சியில் நிற்கிறேன். அவர்கள் என்னை இரும்பு என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதுவரை ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. அப்பாவைப் போலக் கட்டிலே கதியென்று கிடக்கக் கூடாது என்று பதினாறு வயதில் ஓட ஆரம்பித்தவன் நான். சரீரத்தை ஆலயம்போல வைத்துக்கொள் என்று உனக்கும் எத்தனை தடவை சொன்னேன். தினமும் அரை மணி நேரம் நடந்திருந்தால்கூட உனக்கு இந்த நிலை வந்திருக்காது. போகட்டும், அதை இப்போது சொல்லி என்ன பயன்.

டாக்டரிடம் நாள் கேட்டு எழுது. அண்ணியும் மகளும் விசாரித்தார்கள்.

கர்த்தருக்குள் உன் அண்ணன்

*

ஜூன் 8, சனி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கட்டிலில் படுத்தபடியே மூன்று தடவை படித்தேன். டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரமும் இடது கையை அசைக்கக் கூடாது. இரண்டு ஊசி குத்தியிருக்கும். வலது கை சும்மாதான் கிடக்கிறது. ஆகவே என் கடிதமெல்லாம் இங்கிருந்துதான் வரும். எழுத்து கோணியிருந்தால் இயந்திரத்தைத் திட்டு.

என்ன சொல்வதென்று தெரியவில்லை, அண்ணா. கேட்காமலே கொடுக்கிறேன் என்கிறாய். என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவருடைய ரத்தம் என்னுடையதோடு சேரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இன்றுதான் பார்த்தார்.

ஆனாலும் ஒரு சின்ன வருத்தம். எனக்குச் சொல்லும் முன்பு சபைக்குச் சொல்லிவிட்டாய். வாங்கப்போகிறவள் நான். கடைசியில் கேள்விப்பட்டவளும் நானே.

நடந்திருந்தால் வந்திருக்காது என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு நாள் முழுவதும் நிற்பதுதான் வேலை. அதை விடு. இது குடும்பத்தில் இறங்கிவரும் நோய் என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். சிறுநீரகம் முழுவதும் நீர்க்கட்டிகள் வளர்ந்துகொண்டே போகும். அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கும் என்கிறார். அதனால் மற்ற சோதனைகளுக்கு முன்பு உனக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உன் ஊரிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக் கட்டில்காரர் பஸ் டிரைவர். முப்பது வருடம் ஓட்டியவர். உன் செய்தியைச் சொன்னேன். "உங்க அண்ணன்கிட்ட இன்னொண்ணு மிச்சமிருந்தா நான் தம்பியாச் சேர்ந்துக்கறேன்னு சொல்லுங்கம்மா" என்றார். வார்டே சிரித்தது.

உன் அன்புத் தங்கை
சிட்டு

*

ஜூலை 10, புதன்

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மையத்தில் புதிய அணி வந்திருக்கிறது. மூச்சுவிட நேரமில்லை.

சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. இங்கே உள்ள மருத்துவமனையில் ஒன்று முடிந்தால் ஒன்று பாக்கி என்கிறார்கள். நாள் கொஞ்சம் தள்ளிப்போகலாம். நீ அவசரப்படாதே.

நான் நன்றாக இருக்கிறேன். காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்ததை இப்போது பதினைந்தாக்கிவிட்டேன். மாலையிலும் ஓடுகிறேன். சபையில் ஒவ்வொரு ஞாயிறும் நம் இருவருக்காகவும் ஜெபிக்கிறார்கள்.

சும்மாதான் கேட்கிறேன். உனக்கு முதலில் விலாவின் பக்கம் வலி வந்தது எந்த வயதில்? வலி நிற்கும்போது இருந்ததா, படுக்கும்போதா? ரத்த அழுத்தம் எப்போதிலிருந்து? சிறுநீரில் நிறம் மாறியதா? நேரம் கிடைக்கும்போது எழுது. அவசரமில்லை.

அண்ணன்

*

ஜூலை 16, செவ்வாய்

அண்ணா,

சும்மா கேட்கிறவன் நாலு கேள்வி கேட்கமாட்டான்.

உனக்கும் அது இருக்கிறது, இல்லையா? ஸ்கேன் எடுத்துவிட்டாய். டாக்டர் சொல்லிவிட்டார். நீ ஓட்டத்தைப் பதினைந்து கிலோமீட்டர் ஆக்கிவிட்டாய்.

நீ கேட்டதற்குப் பதில். வலி முப்பத்தொன்பதில் தொடங்கியது. படுக்கும்போதுதான் அதிகம். ரத்த அழுத்தம் அதற்கும் முன்பே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. நிறம் இரண்டு தடவை மாறியது. பயந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு தப்பை நீயும் செய்யாதே.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாமல் இருந்துவிடலாம் என்று நாலு நாள் யோசித்தேன். உன் கடிதத்தைப் படித்து எனக்கு விஷயம் பிடிபட்டதும் முதலில் வந்தது அழுகை இல்லை, அண்ணா. சந்தோஷம். ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். எனக்குச் சிறுநீரகம் கிடைக்காது என்று ஆகிவிட்டதுகூட அப்போது தோன்றவில்லை. 'இப்போது தெரியட்டும், நடந்தால் வருமா வராதா என்று' என்பதுதான் தோன்றியது. அப்படியே மத்தியானம் ஜெபிக்க முழங்கால் போட்டேன். வாயைத் திறக்க முடியவில்லை. எத்தனை வருடமாக நான் பொறுமையான நோயாளி என்று பெயர் வாங்கிவைத்திருக்கிறேன். உள்ளே இவ்வளவு கசப்பு கிடந்திருக்கிறது. தேவனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லாவிட்டால் அது முடியாது.

என்னை மன்னித்துக்கொள். முடிந்தபோது மன்னித்தால் போதும்.

சிட்டு

*

ஜூலை 24, புதன்

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது.

ஆமாம், இருக்கிறது. இரண்டு பக்கமும். இப்போதைக்கு வேலை செய்கிறதாம், ஆனால் யாருக்கும் கொடுக்க முடியாதாம். ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. ஸ்கேன் எடுத்த பெண் என் வயிற்றைப் பார்த்து, "ஸ்போர்ட்ஸ்மேனா சார்?" என்று கேட்டாள். அதன் பிறகு திரையைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

நீ சந்தோஷப்பட்டது பற்றி எழுதியிருக்கிறாய். நன்றி. நான் உனக்கு உடம்பில் ஒரு பாகத்தைத் தருவதாக இருந்தேன் என்பதை மட்டும் நினைவில் வை.

நான் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. வருகிற திங்கள் முதல் இருபத்தொரு நாள் உபவாசம். பகலில் தண்ணீரும் கிடையாது. ஓட்டமும் நிற்காது. இத்தனை வருடம் இந்தச் சரீரத்தை அவருக்கென்று சுத்தமாக வைத்திருந்தேன். அவர் என்னை வெட்கப்படவிடமாட்டார். அடுத்த ஸ்கேனில் கட்டிகள் இருக்காது. இருபத்திரண்டாம் நாள் உன் டாக்டருக்கு ரிப்போர்ட் வரும்.

அதுவரை சபையில் எதுவும் சொல்லப்போவதில்லை. வீட்டிலும்தான். நீயும் அண்ணியிடம் வாயைத் திறக்காதே. பதில் எழுத வேண்டாம்.

அண்ணன்

*

ஜூலை 30, செவ்வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். இதைக் கிழித்துப்போட உனக்கு முழு உரிமை உண்டு, படித்துவிட்டுக் கிழி.

முதலில் தண்ணீர் குடி. நான் நாள் முழுவதற்கும் மூன்று டம்ளரை அளந்துவைத்துக்கொண்டு உதட்டை நனைக்கிறவள். நீ எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், குடித்தால் நல்லது என்று என் டாக்டர் சொல்கிறார். குழாயைத் திறந்தால் வருகிற ஒன்றை நீ வீம்புக்கு வேண்டாம் என்கிறாய். அதைத் தேவனுக்கென்று வேறு சொல்கிறாய். அவர் உன்னிடம் அதைக் கேட்டாரா?

குணமாக்கச் சொல்லி ஜெபி. நானும் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் அவருக்கு நாள் குறித்துக் கொடுக்காதே. உன் அணியில் ஒருவன் உனக்கு அப்படி நாள் குறித்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம், அப்பாவைப் பற்றியது. முப்பது வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அப்பாவே கேட்டுக்கொண்டார்.

அப்பா கட்டிலே கதியென்று கிடந்தார் என்கிறாய். நீ பள்ளியிலிருந்து நேரே மைதானத்துக்குப் போய்விடுவாய், விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாய். நான் நாலரைக்கு வந்துவிடுவேன். நான் வந்ததும் அப்பா கட்டிலிலிருந்து காலைக் கீழே போடுவார். என் தோளில் ஒரு கை, சுவரில் ஒரு கை. ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அவர் கால் எப்படி வீங்கியிருக்கும் என்று நினைவிருக்கிறதா? ஒவ்வொரு அடிக்கும் நிற்பார். "இன்னைக்குப் பதினெட்டும்மா," என்பார். "நாளைக்கு இருபது போடணும்." ஒருநாள் ஏழோடு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் எழுந்தார்.

"அண்ணன்கிட்ட சொல்லவா அப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டாம். அவன் மைதானத்தைப் பத்து சுத்து சுத்தறான். இதைக் கேட்டா சிரிச்சுடுவான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உன்னை நினைத்து அவருக்குப் பெருமைதான்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அப்பா சோம்பேறி என்று நினைத்துத்தான் நீ முப்பது வருடமாக ஓடுகிறாய். அப்படி இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

கடைசியாக ஒன்று. உன் மகளுக்கு இருபது வயது. அவளுக்கும் இது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவளிடம் மறைக்க உனக்கு உரிமை இல்லை. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு மாதம் பார்ப்பேன். பிறகு நானே வந்து சொல்லுவேன். கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டேன்.

என்றும் உன் தங்கை
சிட்டு

*

ஆகஸ்ட் 19, திங்கள்

என் அன்புச் சிட்டுவுக்கு,

உன் கடிதத்தைப் பயிற்சி மையத்தில், நனைந்த தீயணைப்புக் குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் கோபுரத்தின் கீழே உட்கார்ந்து படித்தேன். கிழிக்கவில்லை. படித்துவிட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். உபவாசத்தின் ஐந்தாம் நாள் அது. அன்று காலை ஏணியில் பாதி ஏறியதும் கண் இருட்டிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருவன் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்திராவிட்டால் நான் இன்று எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். உன் கடிதம் வராதிருந்தாலும் நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். நிறுத்தியிருக்கமாட்டேன்.

அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியவில்லை. முயன்றேன். நேரில் பார்க்கும்போது அழுதுகொள்கிறேன், அதற்கு மட்டும் அனுமதி கொடு.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் பத்து நாளாகச் சமையலில் உப்பைப் பாதியாக்கியிருந்தது அப்போதுதான் தெரியவந்தது. என் சட்டைப் பையில் ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறாள். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றாள். மகளிடம் இருவரும் சேர்ந்து சொன்னோம். நான் உடனே மருத்துவமனையில் நேரம் குறித்து, எந்த ஸ்கேன், யாரிடம் என்று எல்லாவற்றையும் எழுதியே கொண்டுபோயிருந்தேன். அவள் அந்தக் காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். "எப்போ பார்க்கணும்னு நான் முடிவு பண்றேன்ப்பா. பிரஷர் மட்டும் இப்பவே பார்த்துக்கறேன்," என்றாள். சிட்டு, எனக்கு வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். பத்தாவது மாடிக்கு ஏணி ஏறுவது இதைவிடச் சுலபம்.

நேற்று சபையில் எழுந்தேன். கைதட்டல் வாங்கிய அதே இடத்தில் நின்றேன். "நான் கொடுக்கிறேன்னு சொன்னது என்னால முடியாது. எனக்கும் அதே வியாதி. ஆறு வாரமா உங்ககிட்ட மறைச்சேன். நீங்க எனக்காக ஜெபிச்சுக்கிட்டு இருந்தீங்க, நான் பேசாம ஆமென் சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றேன். நோயாளிகளைப் பற்றி இந்தச் சபையில் நான் பேசிய பேச்சுக்கும் மன்னிப்புக் கேட்டேன். கைதட்டல் இல்லை. போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். அவ்வளவுதான். இவ்வளவு சாதாரணமாக முடிந்துவிடும் என்று நினைக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது கீபோர்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். "எனக்குச் சர்க்கரை இருக்கு. எட்டு வருஷமாச்சு," என்றார். "உங்ககிட்ட என்ன சாப்பிடலாம், எப்படி நடக்கலாம்னு கேக்கணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன். பயமா இருந்துச்சு." பன்னிரண்டு வருடமாக அவரைப் பீப்பாய் என்று கூப்பிட்டவன் நான். கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க," என்றார். விடவில்லை. இன்று காலை இருவரும் இருபது நிமிடம் நடந்தோம். அவர் வேகத்தில்.

நீ ஒரு மணி நேரம் சந்தோஷப்பட்டாய் என்றாய். நான் உன் வியாதியைக் கேள்விப்பட்ட நாளில், நல்லவேளை நான் அப்படி இல்லை என்று நினைத்தேன். அது ஒரு மணி நேரத்தில் முடியவில்லை, ஐந்து வருடம் ஓடியது. இதில் யார் யாரை மன்னிப்பது?

மையத்தில் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டேன். ஆளைத் தோளில் தூக்கி இறக்கும் பயிற்சியை இனி வேறொருவர் செய்துகாட்டுவார். நான் கீழே நின்று சொல்லிக்கொடுப்பேன். மாத்திரையும் தொடங்கிவிட்டேன். முதல் நாள் தொண்டையில் நின்றுவிட்டது. சனிக்கிழமைகளில் உன் வார்டுக்கு வர நினைக்கிறேன். படுத்தபடியே கால்களுக்குச் செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டு. டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்டு எழுது. அவர்கள் வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

கர்த்தருடைய இரக்கத்தை நம்பியிருக்கும்
உன் அண்ணன்

*

அக்டோபர் 18, வெள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த முறை வீட்டிலிருந்து எழுதுகிறேன், இரண்டு கையும் சும்மா இருக்கிறது. நேற்று முன்தினம் நடந்ததை நீ கூடவே இருந்து பார்த்தாய். பின்னே எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அன்று நான் அதிகம் பேசவில்லை, அதனால்தான்.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது நான் ஒரு பாட்டிக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் சரிசெய்துகொண்டிருந்தேன். 'இறந்துபோன ஒருவருடைய சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, சாப்பிடாமல் உடனே வாருங்கள்' என்றார்கள். என் வீட்டுக்காரருக்குப் பம்பு ஹவுஸில் ஷிப்ட், உடனே வர முடியவில்லை. உனக்குப் போன் செய்தேன், நான் போவதற்குள் நீ வாசலில் நின்றாய். எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்று இன்னும் கேட்கவில்லை.

உள்ளே போனால் எதிர் நாற்காலியில் நம் பஸ் டிரைவரும் அவர் மனைவியும். இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள், சோதனையில் நன்றாகப் பொருந்துகிற ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று அப்போதுதான் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எனக்கும் வரவில்லை.

நீ என் கையைப் பிடித்து, "கர்த்தாவே" என்று தொடங்கினாய். அதோடு நின்றுவிட்டாய். இருபது நிமிடத்துக்குக் குறைந்து நீ ஜெபித்து நான் பார்த்ததில்லை. "என்ன கேக்கறதுன்னு தெரியலம்மா," என்றாய். "உனக்குக் கேட்டா அவருக்கு வேண்டாம்னு ஆகுது." பிறகு எழுந்து போய் அவர்கள் முன்னால் குனிந்து, "நாமெல்லாம் சேர்ந்து உக்காரலாமா?" என்று கேட்டாய். நாலு பேரும் கைபிடித்துக்கொண்டோம். டிரைவருடைய மனைவிதான் ஜெபித்தார். அந்தச் சிறுநீரகத்தைக் கொடுத்த வீட்டுக்காக முதலில் ஜெபித்தார். அந்த வீட்டை நான் அதுவரை நினைக்கவே இல்லை.

நாலரை மணிக்கு டிரைவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

அண்ணா, அந்த நிமிடம் என் மனதைச் சோதித்துப் பார்த்தேன். ஜூலையில் ஒருமுறை அதனிடம் ஏமாந்தவள் ஆயிற்றே. வலித்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே வலித்தது. ஆனால் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "உங்க அண்ணன் சொல்லிக்கொடுத்த காலை ஆட்டற பயிற்சி அங்கேயும் செய்யலாமாம்மா?" என்று கேட்டாரே, அப்போது நான் சிரித்தது நிஜமான சிரிப்பு. அவர் நலமாக இருக்கிறார் என்று இன்று காலை நர்ஸ் சொன்னார். சிறுநீர் வரத் தொடங்கிவிட்டதாம். வார்டில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்துக்கு மேடேறிப் போக வேண்டும். நான் அழக் கூடாது என்று வேகமாக நடந்தேன். நீ பின்னால் வந்துகொண்டிருந்தாய். ஏதாவது ஆறுதல் சொல்லப்போகிறாய், சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். நீ என் தோளைத் தொட்டாய்.

"சிட்டு, விலா வலிக்குது. கொஞ்சம் மெதுவாப் போலாமா?" என்றாய்.

நீ யாரிடமும் இப்படிக் கேட்டு எனக்கு நினைவில்லை. ஓரமாக நின்றோம். ஒரு பஸ் வந்தது, போனது. "அடுத்ததுல போலாம்," என்றேன். நீ ஒரு கையை விலாவில் வைத்துக்கொண்டு இன்னொரு கையை என் தோளில் போட்டாய். என் உடம்பில் இன்னும் ஒருவரைத் தாங்குகிற பலம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் ஆகலாம் என்கிறார்கள். ஆகட்டும். நாளை சனிக்கிழமை, ஆறரை மணிக்கு எனக்கு இயந்திரம். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு பள்ளி ஆசிரியை வருகிறாராம், முதல் தடவை, ரொம்பப் பயப்படுகிறாராம். சீக்கிரம் வா. வரும்போது பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வா.

உன் தங்கை
சிட்டு